தாமதத்துக்கான காரணம்

ஜனவரியில் காலை எட்டரைக்கும்
கண்ணாடியில் இருட்டு அப்பியிருக்கும்.
கோதன்பர்க் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
என் தடத்தில் மூன்று பள்ளிக்கூடங்கள்.
வீட்டில், ஃப்ரிட்ஜ் கதவில், காந்த மீனுக்கு அடியில்
அதே மூன்றின் பெயரும் உள்ள ஒரு தாள்:
முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம்.
மாதம் முடிவதற்குள் நிரப்ப வேண்டும்.
எய்னாருக்கு ஆறு வயதாகப் போகிறது.

மூன்று கையேட்டிலும் ஒரே பிள்ளைதான் சிரிக்கிறது,
எனக்கு அப்படித் தெரிகிறது.
பள்ளியைச் சுற்றிக் காட்டிய நாளில்
இலவங்கப்பட்டை பன் கொடுத்தார்கள்.
ஒவ்வொரு குழந்தையும் தனி விதம் என்றார் தலைமையாசிரியர்.
நூறு பேரும் ஒரே விதமாகத் தலையாட்டினோம்.
பிரிந்துபோன ரிக்கார்ட்
ராத்திரியானால் ஃபோனில் சதவீதம் வாசிக்கிறான்.
அவனிடம் எண்கள் இருக்கின்றன.
என்னிடம் இருப்பது பின்பக்கம் காட்டும் கண்ணாடி.

இரண்டு இருபது. குன்றுமேல் பள்ளி.
நல்ல பள்ளி, யாரைக் கேட்டாலும்.
வரிசையில் ஏறுவார்கள்,
காலணிப் பனியைத் தட்டிவிட்டு ஏறுவார்கள்,
எனக்கு நன்றி சொல்கிற பையன்கூட உண்டு.
நவம்பரில் ஒருநாள்
மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி
முதுகில் பை குதிக்கக் குதிக்க ஓடி வந்தாள்.
மணியடித்துக் கதவை மூடினேன். அட்டவணை அப்படி.
அவள் வகுப்பு முழுக்க உள்ளே இருந்தது.
ஒரு வாய்கூட நிறுத்தச் சொல்லவில்லை.
ஜன்னலோரப் பெண் அவளைப் பார்த்தாள்,
மழையைப் பார்ப்பதுபோல.

இரண்டரை. மீன்சந்தைக்குப் பின்னாலுள்ள பள்ளி.
ஒழுகும் ஜிம் கூரைக்குத் தார்ப்பாய்.
ரிக்கார்டின் பட்டியலில் விரலால் தள்ளித் தள்ளி
கீழே போனால் கிடைக்கும்.
இவர்கள் ஏறுவதில்லை, கொட்டுகிறார்கள்.
எனக்குப் புரியாத நாலு மொழியில் சண்டை.
இருக்கையில் சூயிங்கம்.
ஒருவன் மட்டும் எப்போதும் கடைசி,
இடது காலில் இரும்புப் பட்டை.
அவன் வந்து சேரும்வரை
யாராவது ஒருவர் கதவில் கால் வைத்திருப்பார்கள்.
முறை போட்டிருக்கிறார்கள் போல:
திங்கள் ஒருத்தி, செவ்வாய் வேறொருவன்.
ஒலிபெருக்கியில் எத்தனை முறை அதட்டியிருக்கிறேன்.
கால் நகராது.
அவன் ஏறியதும் யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.
விட்ட இடத்தில் சண்டை தொடரும்.

மூன்றாவது பள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியாது.
அந்த நிறுத்தத்தில் எப்போதும்
சிக்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு காலை நம்பி ஒரு பிள்ளையின்
ஒன்பது வருடத்தை எழுதிக் கொடுப்பதா?
பெருக்கல் வராமல் போனால்
அந்தக் கால் வந்து சொல்லிக் கொடுக்குமா?
ரிக்கார்ட் கேட்டால் சிரிப்பான்.
இன்னொன்று இருக்கிறது, அதை அவனிடம் சொல்லமாட்டேன்:
என் பிள்ளை வெளியே ஓடி வருகிறவனா,
உள்ளே உட்கார்ந்து பார்க்கிறவனா,
எனக்கே தெரியவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன், உனக்கு எது பிடிச்சிருந்தது?
உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே யோசித்தான்.
"கக்கூஸ் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருந்ததே, அது."
மூன்றிலும் பார்த்தாயா?
"பாத்தேன். ஒண்ணுலதான் இருந்தது."
எதில்?
அது மட்டும் மறந்துவிட்டதாம்.

இன்றைக்கு இரண்டரைக்கு
கதவில் ஒரு சிவப்பு பூட்ஸ்.
மைக் பொத்தான்மேல் விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன்.
தெருமுனையில், பனிச்சேற்றில்
இரும்புப் பட்டை அதன் வேகத்தில் வந்தது.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
எதிர்த்தடத்து டிராமில் இருந்தவர்
என்ன ஆயிற்று என்று கையசைத்துக் கேட்டார்.
இரண்டு நிமிடத் தாமதம்.

பணி முடிந்து கையெழுத்திடும் படிவத்தில்
காரணம் என்று ஒரு கட்டம்.
கதவு, என்று எழுதினேன்.
கம்பெனிப் பேனாவைத் திருப்பி வைக்க மறந்து
வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.